இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்த மீன்

இரண்டு வருடமாக வலது மூலைப் பவளத்தின் மடியிலேயே உறங்கிப் பழகிய கோமாளி மீன் ஜோடி, அன்று இடது மூலையில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றது.

அவன் மீன் தொட்டியைத் துணியால் மறுபடி மூடிவிட்டுத் திறந்து பார்த்தான். இரண்டும் அங்கேயேதான் நின்றன.

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவனை எக்ஸ்ரேக்காரர் என்பார்கள். மருத்துவமனையில் காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்புவான். மீன் தொட்டியின் விளக்கையும் அதற்கேற்ப வைத்திருந்தான். மூன்றரைக்கு எரியும், தூங்கப்போகும்போது அணையும். மற்ற நேரத்தில் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவான். ஆகவே வீட்டுக்குப் பகலாக இருக்கும்போது மீன்களுக்கு இரவு. அவன் மனைவி ஜன்னலோர மேஜையில் கைக்கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பழுது பார்க்கும்போதெல்லாம், அவள் முதுகுக்குப் பின்னால் அறுபது லிட்டர் கடல் இருட்டில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

"பகல்ல இதுல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. ரெண்டும் டூயட் பாடுச்சு." லென்ஸை எடுக்காமலே சிரித்தாள். பிறகு கை நின்றது. "கல்லை யாரோ நகத்தால சுரண்டற மாதிரி இருந்துச்சுங்க. மோட்டார்னு நினைச்சேன்."

மோட்டார் சரியாகத்தான் ஓடியது. ஆனால் பாறை இடுக்கில், தொட்டியில் வளர்ந்த சிவப்பு வரி இறாலின் ஓட்டுக்கூடு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செருகிக் கிடந்தது. இறால் கூடு கழற்றுவது வழக்கம்தான். கழற்றிய கூட்டை இடுக்குக்குள் யாரும் இழுத்துக்கொண்டு போவதில்லை. அவன் குனிந்து முகர்ந்தான். வழக்கமான உப்பு வாடைக்கு அடியில், தண்ணீர் வற்றிய பாசிக்கரையில் எதுவோ அழுகிக் கிடப்பதுபோல மெல்லிய, இனிப்பான ஒரு நாற்றம் வந்தது.

மறுநாள் லீவு போட்டான். ஜன்னல்களை மூடி, டார்ச்சின் வாயில் சிவப்புத் தாள் ஒட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து உட்கார்ந்தான். வெளியே மனைவியின் கடிகாரங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. சொந்த மூச்சே துணியில் பட்டுச் சூடாக முகத்துக்குத் திரும்பி வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பாறையின் நிழல் ஒரு இடத்தில் மட்டும் நீண்டது. நிழல் என்று அவன் நினைத்தது, அடிபட்ட ஈறு நிறத்தில், விரல் தடிமனில், இருபுறமும் பஞ்சு போன்ற வெள்ளை முள் சிலிர்க்க, மண்ணைத் தொட்டுத் தொட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண். இரண்டு சாண். வால் இன்னும் வெளியே வரவில்லை. உறங்கிக்கொண்டிருந்த ஆண் கோமாளிக்குக் கீழே வந்ததும் நின்றது. பிறகு ஒரு சொடுக்கு. மீன் இருந்த இடத்தில் இரண்டு செதில்கள் சுழன்று இறங்கின.

"அந்தப் புழுவைக் கல்லோட தூக்கி வெளியில போட்டுருங்க," என்றாள் மனைவி.

"மேல ஒட்டி வளர்ந்த பவளமெல்லாம் உடைஞ்சிடும். ரெண்டு வருஷ வளர்ச்சி." அவள் கைகளைப் பார்த்தான். நாணயத்தில் பாதியளவு சக்கரத்தையும் நடுங்காமல் பொருத்தும் மெல்லிய விரல்கள். "அந்தச் சந்துல என் கை போகாதும்மா. உன் கை போகும்."

அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தான், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அப்படித்தான் எதையும் சாதிப்பான். மூன்றாம் நாள் அவளே புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"க்ளவுஸாவது குடுங்க."

"க்ளவுஸ் போட்டா விரல் மடங்காது."

பொய். அவன் பையிலேயே ஒரு பெட்டி கையுறை இருந்தது. அதிலிருக்கும் பொடி தண்ணீரில் கரைந்தால் பவளம் சுருங்கிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான்.

முழங்கை வரை கையை விட்டாள். கன்னம் கண்ணாடியில் அழுந்தியது. "இருக்கு… வழவழன்னு… பிடிச்சிட்டேன்," என்றவள் உடனே அலறினாள். கையை உருவியபோது விரல்களுக்கிடையில் முக்கால் அடிப் புழு நெளிந்தது. மீதி அறுந்து பாறைக்குள்ளேயே போய்விட்டது. உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பூனைமுடி முளைத்ததுபோல முட்கள். அவன் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தான். அவள் அழுதாள். அவன் கண் மட்டும் அடிக்கடி தொட்டிப் பக்கம் போயிற்று.

ஒரு வாரத்தில் பாறையின் ஐந்தாறு ஓட்டைகளிலிருந்து வெள்ளை முள் எட்டிப்பார்த்தது. அறுந்து உள்ளே போனது துண்டு துண்டாகிப் பல புழுக்களாக வளர்ந்திருந்தது.

மீன் கடைக்காரரை ஊரில் உப்புக்காரர் என்பார்கள். கடல் உப்பைப் பையிலிட்டு விற்கத் தொடங்கியவர். புழு தின்னும் மீன் கேட்டு அவன் போனபோது, அவர் தொட்டி தொட்டியாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பச்சை நீல மீன் அழகாத்தான் இருக்கும். ஆனா பொடிப் புழுதான் தின்னும், உங்க தொட்டியில ஒரே மாசத்துல பட்டினியில செத்துடும். இந்த நீளக்கால் நண்டு நல்லாப் புழு பிடிக்கும், தூங்கற மீனையும் பிடிக்கும். இந்த ஊதாக் குட்டி சரியான ரவுடி. சின்னத் தொட்டிக்குப் புழு தின்னி வாங்கறதும் வீட்டுக்கு அடியாள் வைக்கறதும் ஒண்ணுதான் சார். வேலை முடிஞ்சதும் போன்னா போகாது."

"பெரிய புழு. விரல் தடிமன்."

உப்புக்காரர் சற்று யோசித்தார். பிறகு பின்னறைக்கு அழைத்துப்போனார். தனித் தொட்டியில், சுண்டுவிரல் நீளத்தில், செம்பு நிற உடம்பில் ஆறு நீலக் கோடுகளோடு ஒரு மீன். கண் தனியாகச் சுழன்றது. "இதைக் குடுக்கலாம். ரெண்டு வீட்ல குடுத்தேன், ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏன்? மத்த மீனைக் கடிக்குதா?"

"அதெல்லாம் தொடவே தொடாது. புழு மட்டுந்தான். வேற என்ன போட்டாலும் திரும்பிப் பாக்காது." ஏன் திருப்பினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. இவனும் வற்புறுத்தவில்லை.

ஐந்தே நாள். மீன் பாறை பாறையாக நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டையை அளந்து, ஒரு கொத்து கொத்தும். வெளியே வருவதை இழுத்துக்கொண்டே பின்னால் நீந்தும். ஆறாம் நாள் பவளங்கள் கைவிரல் விரிப்பதுபோல விரிந்தன. நாற்றம் போயிற்று. அவன் வீடியோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

இரண்டாவது வாரம் மீனின் வயிறு ஒட்டிப்போனது. எதைப் போட்டாலும் தின்னவில்லை. முதுகெலும்பு கத்தி விளிம்புபோலத் தெரிந்தது. அதற்காக அவன் வருத்தப்பட்டான்.

அவள் கையைப் பற்றி அவள்தான் சொன்னாள். "விரலெல்லாம் மரத்துப்போச்சுங்க. நேத்து ஒருத்தர் கடிகாரத்தைக் கீழ போட்டுட்டேன். உள்ள குறுகுறுன்னு அரிக்குது. இப்ப முழங்கை வரைக்கும்." மருத்துவர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். அவனே படம் எடுத்தான். சாம்பல் நிறத்தில் அழகான எலும்புகள். வேறொன்றுமில்லை. எலும்பும் உலோகமும்தான் அதில் பளிச்சென்று விழும், மென்மையானது எதுவும் விழாது என்பது அவனுக்குத் தெரியும். "ஒண்ணுமில்லம்மா," என்றான்.

ஒரு மாலை உள்ளே நுழைந்தபோது அவள் தொட்டிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மீன் அவள் உள்ளங்கைக்கு மேல் நின்றது. தலையைச் சாய்த்தது. அளந்தது. கொத்தியது.

"எடு கையை!"

"விடுங்க. இது கொத்தினாத்தான் அரிப்பு அடங்குது."

கொத்திய இடத்தில் ரத்தமே இல்லை. ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அவ்வளவுதான்.

தினமும் உட்கார்ந்தாள். முதலில் உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. அடுத்த வாரம் முழங்கை மடிப்பு. ஒரு நாள் அவன் மீனைக் கவனித்தான். வயிறு உருண்டு பளபளத்தது. தொட்டியில் ஒரு புழுவும் இல்லை. போட்ட உணவு அப்படியே மிதந்தது. அவன் பார்வை அவள் கைக்குப் போயிற்று.

சொல்லியிருக்கலாம். அன்றே அவளை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் சொன்னால் கையுறையைச் சொல்ல வேண்டும். பையிலிருந்த பெட்டியைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான்.

அவள் சிரிப்பது நின்றது. கடிகாரங்கள் மேஜையில் திறந்தே கிடந்தன. படுக்கையில் அவள் தோளைத் தொட்டபோது, தோலுக்கடியில் ஏதோ அவன் விரலிலிருந்து ஒதுங்கிப் போயிற்று.

கண்ணை மூடாமல் அவன் விடிவதற்காகக் காத்திருந்தான். விடிந்ததும் வேலைக்குப் போனான். திரும்பும் வழியில் உறுதி செய்துகொண்டான். இன்று சொல்லிவிடுவது. எல்லாவற்றையும்.

கதவு தாழிடப்படவில்லை.

தொட்டி விளக்கைக் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்தது. நிரம்பி வழிந்த உப்புத் தண்ணீர் அவன் காலை நனைத்தது. ஸ்டூலின் மேல் மண்டியிட்டு, தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காது வரை முகத்தைத் தண்ணீருக்குள் இறக்கியிருந்தாள். கூந்தல் பவளங்களின் மேல் படர்ந்து அசைந்தது.

"என்னம்மா… என்ன பண்றே?"

கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. வலியில்லை. பயமில்லை. வெந்நீரில் காலை வைத்தவளின் சுகம்.

மீன் அவள் வலது கண்ணுக்கு நேரே நின்றது. தலையைச் சாய்த்தது.

கொத்தியது.

கண்ணோரத்திலிருந்து வெள்ளை முள் சிலிர்த்த நுனி ஒன்று வெளியே வந்தது. மீன் அதைக் கவ்வி இழுத்துக்கொண்டே பின்னால் நீந்தியது. ஒரு சாண். இரண்டு சாண். கண் இமைக்கவில்லை.

பத்து வருடமாக, எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அவன் வாயில் தானாக வந்தது.

"போதும்மா. மூச்சு விடலாம்."

அவள் மூக்கிலிருந்து ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அதற்குப் பிறகு குமிழி வரவில்லை. விளிம்பைப் பிடித்த கைகள் தளரவில்லை. மீன் தொட்டியின் மறுகோடிக் கண்ணாடியில் முட்டி நின்றது. புழு இன்னும் முடியவில்லை. வாயிலிருந்ததை அறுத்து விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் அவள் கண்ணுக்கே திரும்பி வந்தது.