மூவாயிரம் வருஷத்தை மிதித்தவன்

"நில்லுங்க! அப்படியே நில்லுங்க! காலைக் கீழ வைக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அருங்காட்சியகத்தின் அந்தப் பெரிய கூடமே அதிர்ந்தது. என்ன பிரயோஜனம்? அந்த ஆள் ஏற்கெனவே சுமேரியாவில் கால் வைத்து, எகிப்தைத் தாண்டி, பாபிலோனை மிதித்து, கிரேக்கத்தில் லேசாக வழுக்கி, ரோமாபுரியின் நட்டநடுவில் வந்து நின்றிருந்தான். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கையில் காற்றில் மடங்கிப்போன குடை. ஒரு கால் தரையில், இன்னொரு கால் அந்தரத்தில்... கொக்கு மாதிரி.

"இப்போ... இந்தக் காலை இறக்கலாமா?"

"எங்க இறக்குவீங்க? அங்கதான் ரோம் விழணும்!"

"அதுக்கு இடைஞ்சல் இல்லாம நான் வேணும்னா இந்தப் பக்கம் விழுந்துக்கறேன்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாதக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்து அவள் வரைந்த ஆறு அது. கூடத்தின் இந்த வாசலில் சுமேரியாவில் தொடங்கி, அந்த வாசலில் 'இன்று' என்ற எழுத்துகளில் போய் முடியும் கால ஆறு. ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு நிறம். நூல் மாதிரி மெலிதாகப் பிறந்து, அகலமாகி, பிறகு மெலிந்து, கடைசியில் ஒரு சிவப்புக் கோட்டில் முடிந்துபோகும். எழுச்சி, உச்சம், வீழ்ச்சி. குழந்தைகள்கூடப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. இன்று காலையில்தான் கடைசிப் பூச்சு. இவனோ மூவாயிரம் வருஷத்தை ஒரே ஓட்டத்தில் நாசமாக்கிவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்!

"மழைக்கு ஒதுங்கலாம்னு ஓடி வந்தேங்க. ஈரப் பெயிண்ட்னு ஒரு போர்டு வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருக்கேனே! கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

கையை நீட்டிக் காட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். போர்டு இருந்தது. ஆனால் கூடத்தின் அந்தக் கோடியில், 'இன்று' வாசலில் இருந்தது. தினமும் அவள் வந்து போகும் வழி அதுதான். தெருவைப் பார்த்த இந்தச் சுமேரியா வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கும். கண்ணாடிப் பெட்டிகளை உள்ளே கொண்டுவர இன்றைக்குத் திறந்திருக்கிறார்கள். அது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அவனும் போர்டைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் சிரித்தன. மழை விட்டதும் ஜன்னலில் வந்து விழும் முதல் வெயில் மாதிரி ஒரு சிரிப்பு. தப்பு தன்னுடையதுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அவள் அவளில்லையே!

"ஷூவைக் கழட்டிட்டு, வந்த வழியே போங்க. அதே தடத்துல கால் வச்சு."

"எதிர்ல இருக்கற பல் ஆஸ்பத்திரி என்னோடதுதாங்க. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் சும்மாதான் இருப்பேன். கெடுத்தவன் நான்தானே, நானே வந்து சரி பண்ணித் தரேன்."

"நீங்க பல் டாக்டர். இது பெயிண்ட்."

"ஓட்டை அடைக்கறதுதாங்க என் பொழப்பே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியதை அவன் பார்த்துவிட்டான்.

சொன்னபடியே வந்தான். மறுநாள், அதற்கு மறுநாள், அதற்கடுத்த நாளும்... வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு, மெல்லிய தூரிகையால் தன் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக மூடினான். ஒரு பல்லின் வெள்ளையோடு அடுத்த பல்லின் வெள்ளை ஒத்துப்போவதில்லையாம். அந்த நுணுக்கமான வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவனுக்கு. எகிப்தின் நீலத்தில் எங்கே ஒட்டுப்போட்டான் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை.

"நீங்க ஏன் வலது பக்கம் மென்னு சாப்பிடறதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டான்.

"நான் சாப்பிடறதைத்தான் பார்த்துட்டு இருக்கீங்களா?"

"தொழில் புத்திங்க. கடவாய்ப் பல்லா இருக்கும். ஒருநாள் வந்து காட்டுங்க."

"அதெல்லாம் தானா சரியாப் போயிடும்."

"ரோமாபுரியிலயும் இப்படித்தான் சொல்லிட்டிருந்திருப்பாங்க."

வீட்டில் அக்கா விடவில்லை. "என்னடி, அந்த டாக்டர் இன்னைக்கும் வந்தாரா? முகத்துல களை கட்டுதே!" என்று சீண்டினாள்.

"வேலைக்கு வர்றார்க்கா. அவ்வளவுதான்."

"நான் வேற என்ன கேட்டேன்?"

அக்காவுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் இவளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, அழைப்பிதழ்கூட அடித்த பிறகு, கடைசி வாரத்தில் மாப்பிள்ளை மனசு மாறிப் போய்விட்டான். அன்றைக்கு இவள் அழவில்லை. மறுநாளே வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு யார் கல்யாணப் பேச்சை எடுத்தாலும், "அது முடிஞ்சு போச்சுக்கா" என்ற ஒரே பதில்தான். அந்தக் கதையை ஒரு மத்தியானம், தூரிகையைக் கழுவிக்கொண்டே, ஏதோ பழைய ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்வதுபோல் டாக்டரிடம் அவளே சொல்லியிருந்தாள். ஏன் சொன்னோம் என்று பிறகு யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

கடைசித் தடம், ரோமாபுரியில் இருந்தது. அதையும் பாதி மூடிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"ஒரு சந்தேகங்க. ஒவ்வொரு ஆறும் சிவப்புக் கோட்டோட நின்னு போகுதே... அந்த ஜனங்க எல்லாம் எங்க போனாங்க?"

"விழுந்துடுச்சு. அதான் கோடு."

"கோட்டை விழுந்திருக்கும், ராஜா போயிருப்பார். ஆனா மறுநாள் காலைல யாராவது ஒருத்தர் எழுந்து அடுப்பு மூட்டியிருப்பாங்கல்ல?" தூரிகையைப் பார்த்தபடி மெதுவாகச் சேர்த்தான். "ஒண்ணு முடிஞ்சா... எல்லாமே முடிஞ்சதாயிடுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இது ரோமைப் பற்றிய கேள்வியா? நம்பிச் சொன்னதை வைத்துக் குத்திக் காட்டுகிறானா? கூடத்தில் அருங்காட்சியக இயக்குநர் நின்றிருந்தார், வேலையாட்கள் நின்றிருந்தார்கள். யாரும் அவள் கண்ணில் படவில்லை.

"பல்லு பிடுங்கறவர் பல்லைப் பிடுங்கினாப் போதும்! சரித்திரம் சொல்லித் தர உங்களை யாரும் கூப்பிடல. வாசல் தெரியாம உள்ள வந்தவர்தானே நீங்க!"

அவன் கையுறையைக் கழற்றினான். தூரிகையைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. 'வராட்டிப் போகட்டும், எனக்கென்ன?' என்று சொல்லிக்கொண்டே தெருவாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பாதித் தடத்தை மூடுவதற்குத் தூரிகையை எடுத்தாள்... கை போகவில்லை. அவன் இல்லாத அந்தக் கூடம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அதுதான் உண்மை. கூடத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் கன்னம் வீங்கிக்கொண்டது. அதற்கு முன் ராத்திரி முழுக்க உயிர்போகும் வலி.

"போடி எதிர் ஆஸ்பத்திரிக்கு! ரோஷம் பல்லு வலியைப் போக்குமா?" என்று விரட்டினாள் அக்கா.

சாய்வு நாற்காலியில் கிடந்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவன், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றான். அவ்வளவுதான். ஊசி போட்டது தெரியவில்லை. பல் வந்ததும் தெரியவில்லை. அத்தனை இதமான கை. எல்லாம் முடிந்து, நாற்காலியை நிமிர்த்தி, அவள் வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னான்.

"அன்னைக்கு நான் கேட்டது ரோமைப் பத்தித்தான்னு சொன்னா அது பொய்ங்க. உங்களைப் பத்தியும்தான் கேட்டேன். நம்பிச் சொன்ன விஷயத்தை எல்லார் முன்னாடியும் தொட்டிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க."

"ம்ம்ஹூ..." என்றாள் அவள். மரத்துப்போன வாய். நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"பேசாதீங்க, ரத்தம் வரும்." கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பதில் சொல்ல முடியாத ஆள்கிட்ட இதைச் சொல்றது கோழைத்தனம்தான். ஆனா நீங்க பேசற நிலைமையில இருந்தா எனக்குத் தைரியம் வராதே! நீங்க இப்போ ஒண்ணும் சொல்ல வேணாம். கூப்பிட்டா வருவேன். கூப்பிடலைன்னா... ஈரப் பெயிண்ட் போர்டு இருக்குன்னு புரிஞ்சுக்கறேன்."

எப்போதும் சுடச்சுடப் பதில் சொல்லும் அவள், பஞ்சைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்தாள். சிவப்பு... சிவப்பு... எங்கே பார்த்தாலும் சிவப்புக் கோடு. மாயா நகரங்கள் விழுந்தன என்று கோடு போட்டிருந்தாள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த மொழிகளைப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பாபிலோனுக்குக் கோடு. சுவர்க் கடிகாரத்தின் அறுபது நிமிஷம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? சிந்து சமவெளிக்குக் கோடு. ஆறு மாறியபோது, அங்கே இருந்தவர்கள் விதையைக் கட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்து நடந்தார்களே! எல்லாம் படித்தவள்தான். படித்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் போட்டாள். ஏனென்றால் அவளுக்கு அதுதான் வசதியாக இருந்தது. எல்லாமே ஒருநாள் விழுந்து முடியும் என்றால், தன்னுடையது முடிந்துபோனதிலும் ஆச்சரியம் இல்லையே. இனிமேல் எதையும் தொடங்கவும் வேண்டாமே.

இப்போதுதான் அழுகை வந்தது. அன்றைக்கு வராத அழுகை. அழுது முடித்ததும் மனசு லேசானது. எழுந்துபோய்த் தூரிகையை எடுத்தாள்.

இயக்குநர் பதறியடித்து ஓடி வந்தார். "என்னம்மா இது! விடிஞ்சாத் திறப்பு விழா! இப்போ என்ன பண்றே?"

"ஞனங்க போன வழி போடுறேன் ஷார்" என்றாள், ஒரு பக்கம் கோணிய வாயோடு.

அவருக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாச் சிவப்புக் கோடுகளிலிருந்தும் மெல்லிய நீரோடைகள் கிளம்பிவிட்டன. பாபிலோனிலிருந்து கிரேக்கத்துக்கு, ரோமிலிருந்து எட்டுத் திசைக்கும்... வளைந்து நெளிந்து, வேறு ஆறுகளில் கலந்து, எல்லாம் 'இன்று' வரை வந்து சேர்ந்தன. சிவப்பை அவள் அழிக்கவில்லை. விழுந்தது விழுந்ததுதான். அதற்குப் பிறகும் தண்ணீர் ஓடியதே, அதைத்தான் சேர்த்தாள்.

விழா நாள் காலை. மழை பிடித்துக்கொண்டது. இயக்குநர் கடைசியாக ஒரு சுற்று வந்தவர், ரோமாபுரியில் குனிந்து பார்த்தார். சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பாதி மூடிய ஒரு காலடித் தடம்.

"இது எந்த நாகரிகம்மா?"

"புதுசு சார். இப்பத்தான் ஆரம்பிக்குது."

நேராகப் போய் 'இன்று' வாசலிலிருந்த போர்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சாத்தியிருந்த சுமேரியா வாசலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. எதிர் மாடி ஜன்னலில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

"டாக்டர்!"

மரத்த வாய் சரியாகிவிட்டது என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவன் குடையும் எடுக்காமல் படியிறங்கி ஓடி வந்தான். வாசற்படி வரை வந்தவன் சட்டென்று நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கால் படியில், இன்னொரு கால் அந்தரத்தில்...

"என்ன, வலிக்குதா?" என்று மூச்சு வாங்கினான்.

"இல்ல. ஒண்ணு சொல்லணும்." கக்கத்திலிருந்த போர்டை அவனிடம் காட்டினாள். "இதைத் தப்பான வாசல்ல வச்சது நான்தான். அன்னைக்கே தெரியும். ஒத்துக்கத்தான் மனசு வரல. போனவங்க போன வாசல்லயே காவல் இருந்துட்டேன் டாக்டர்... அதான் இந்த வாசல் என் ஞாபகத்துலயே இல்ல. நீங்க வாசல் தெரியாம வரல. சரியான வாசல்லதான் வந்தீங்க." இமை தாழ்ந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

மழை கொட்டியது. அந்தக் கண்களில் சிரிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

"அப்போ... இந்தக் காலை இறக்கலாமா?"

"இறக்குங்க" என்றாள் அவள். "காஞ்சிடுச்சு."