சிவப்புக் கோடு போட்ட அட்டை

நானும் தங்கச்சியும் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது காலை பதினொரு மணி. மூன்றாவது மாடி, பதினேழாம் எண். படிக்கட்டு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. கூடத்து மூலையில், முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன கறுப்புத் தொலைபேசி ஒன்று ஒயர் அறுந்து கிடந்தது.

தங்கச்சியின் தாடையில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அவள் புருஷன் சுத்தியலால் அடித்தது. அடுத்த தடவை மண்டைதான் என்று சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் கீழே பெயர்ப்பலகையில் பதினேழுக்கு நேரே காலியாக விடச் சொன்னோம். கடையில் போன் நம்பர் கேட்டால் இல்லை என்றோம். தையலைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் மட்டும் வேறு வழியில்லாமல் நம்பரையும் கட்டடத்தின் பெயரையும் எழுதினோம். வீட்டு எண்ணை எழுதவில்லை.

"எனக்கு அவன்மேலகூட பயமில்லக்கா, உன்மேலதான்," என்றாள்.

"நான் என்னடி பண்ணேன்?"

"முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ் விசாரணைப் பிரிவுல உக்காந்து, கேட்டவனுக்கெல்லாம் நம்பரும் முகவரியும் எடுத்துக் குடுத்த வாய். தூக்கத்துலகூட 'குறிச்சுக்கோங்க'ங்கற."

சிரித்தோம். சிரித்தால் அவளுக்குத் தையல் இழுக்கும். ஆனாலும் சிரித்தாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. எங்கள் ஆபீசில் நம்பரும் முகவரியும் எழுதிவைத்த அட்டைகளில் சிலவற்றின் மூலையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அவற்றில் உள்ளதை யாருக்கும் வாசிக்கக் கூடாது. ஒருநாள் ஒரு பெண்ணின் முகவரி கேட்டு ஒருத்தன் போனில் அழுதான். "அவளோட அண்ணன் பேசறேங்க. அம்மா உயிரு இழுத்துக்கிட்டிருக்கு." சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்துவிட்டேன். மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது. அவன் அண்ணன் இல்லை. சுத்தியலால் பதினோரு அடி. அந்தப் பெண்ணின் முகத்தில் தாடை என்று ஒன்று மிஞ்சவில்லையாம்.

குடிவந்த ஐந்தாம் நாள் மதியம். தங்கச்சி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் செல்போன் அடித்தது. எடுத்தேன்.

"கூரியருங்க. ஆஸ்பத்திரியிலேருந்து ரிப்போர்ட் வந்திருக்கு. பன்னிரண்டாம் நம்பர் வீடுதானேங்க?"

"பன்னிரண்டு இல்லீங்க. பதினேழு. மூணாவது மாடி."

தப்பான எண்ணைக் கேட்டால் என் நாக்கு சும்மா இருக்காது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி."

என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தன்தான் உண்டு.

அப்போது கூடத்து மூலையில் மணி அடித்தது.

ஒயர் அறுந்த தொலைபேசி.

எடுத்தேன். ஈரமான மூச்சு. வாய் என்று சொல்ல முடியாத ஒன்றிலிருந்து வார்த்தைகள் வழிந்தன.

"விசாரணைப் பிரிவுங்களா... என் முகவரியை அவனுக்கு ஏன் குடுத்தீங்க?"

ரிசீவரைக் கீழே போட்டேன். தங்கச்சி ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"யாருக்கா போன்ல?"

கூரியர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. பையைத் தூக்கினாள். அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். தெருவில் நின்றபடியே பேசியிருக்கிறான்.

சுத்தியலின் மூன்றே அடியில் தாழ்ப்பாள் பறந்தது. நாலாவது அடி என் முழங்காலில். எலும்பு விறகு மாதிரி முறிந்தது. தங்கச்சியின் முடியைக் கையில் சுற்றி உள் அறைக்கு இழுத்துப் போனான்.

"எங்கடி ஒளிவ? நீ எழுதிக் குடுத்த காகிதம் கை மாறி கை மாறி என்கிட்டயே வந்துது."

தொலைபேசி மறுபடி அடித்தது. தரையோடு ஊர்ந்து போய் எடுத்தேன்.

"அவன் எங்க இருக்கான்? முகவரி சொல்லுங்க."

என் குரல் தானாக வேலைக் குரலுக்கு மாறியது.

"குறிச்சுக்கோங்க. பதினேழு. மூணாவது மாடி. உள் ரூம்."

"நன்றிங்க."

சுண்ணாம்பு வாடை அடங்கி, பழைய ரத்தத்தின் வாடை எழுந்தது.

உள்ளே அவன் பேச்சு நடுவில் நின்றது.

"யாரு நீ?" என்றான். தங்கச்சியிடம் கேட்கவில்லை.

மணிக்கட்டு முறிகிற சத்தம். அப்புறம் சுத்தியல்.

எண்ணினேன்.

பதினொன்று.

தங்கச்சி சுவரோடு ஒட்டி நின்றாள், முகமெல்லாம் அவன் ரத்தம். "தானே அடிச்சுக்கிட்டான்க்கா," என்று முணுமுணுத்தாள். "ஆனா அவன் கை ரெண்டும் ஒடிஞ்சு தொங்கிக்கிட்டிருந்துது."

அவன் செத்துவிட்டாலும், அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்து வேறு வீடு பார்த்தோம். இந்த முறை யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. செல்போனையே தூக்கிப் போட்டோம். பத்தாம் நாள், ஜன்னல் வெயிலில் என் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

அலமாரிக்குள் மணி அடித்தது.

"எடுக்காதக்கா."

எடுக்கவில்லை. அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. துணிகளுக்கு நடுவே அதே கறுப்புத் தொலைபேசி. ரிசீவர் நழுவித் தொங்கியது.

"விசாரணைப் பிரிவுங்களா... அன்னிக்கு அட்டையை வாசிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க? எட்டாம் நம்பர் வீடுதானேங்க?"

தங்கச்சி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். என் பற்கள் அவள் விரலில் எலும்பு வரைக்கும் இறங்கின. அலறிக்கொண்டு கையை எடுத்தாள்.

"எட்டு இல்லீங்க," என்றது என் வாய்.