கேசரிக்கு வந்த நோய்

கணவர் ஆவுடையப்பன் இறந்த மூன்றாம் நாள் வடிவு பட்டுப்புடவை கட்டி வளைகாப்புக்குப் போய், கை நிறைய வளையலோடு திரும்பியதைப் பாளையங்கோட்டையில் ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பிறந்த குழந்தைக்கு மொட்டை போடுமுன்பே காதுக்குப் பின்னால் வெந்தய அளவில் ‘தேற்றி’ ஒன்றை வைத்துவிடுகிற காலம். இழப்பின் வலி மூளையில் கிளம்பும்போதே அதை அணைத்துவிடும் கருவி அது. பயம், கோபம், பொறாமை எதையும் தொடாது. அவையெல்லாம் ஊரில் குறைவில்லாமல் இருந்தன. எதிர்வீட்டு இசக்கியம்மாளைப் பார்த்தாலே தெரியும்.

ஊரை அதிர வைத்தது வடிவின் நாய் கேசரிதான்.

சோறு தொடவில்லை. ஆவுடையப்பனின் ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, யாரும் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. ஊளையுமில்லை, குரைப்புமில்லை. கேட்டவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், ஏனென்றுதான் தெரியவில்லை.

“கண்ணேறுதான்க்கா. மொளகா சுத்திப் போடுங்க,” என்றாள் இசக்கியம்மாள். சுத்தினார்கள். தும்மல் வந்தது வடிவுக்கு. நாய் அப்படியே கிடந்தது. எலும்பு தெரிய ஆரம்பித்ததும் வடிவு பயந்துபோய்க் கால்நடை மருத்துவர் செய்யது பீரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூடவே இசக்கியம்மாளும், விஷயம் முழுசாகத் தெரிய வேண்டாமா?

உள்காட்டி இயந்திரம் நாயின் ஈரல் முதல் வால் வரை துழாவிவிட்டு ‘குறையில்லை’ என்றது. மருத்துவர் யோசித்தார்.

“வீட்டுல யாராவது தவறிட்டாங்களாம்மா?”

“ஆமா, எங்க வீட்டுக்காரரு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?”

“பழைய பாடத்துல படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. இதுக்குப் பேரு துக்கம்.”

இரண்டு பெண்களும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

“தொத்துமா?” என்றாள் இசக்கியம்மாள்.

“மனுஷங்களுக்குத் தேற்றி இருக்கே, பயப்படாதீங்க. அந்தக் காலத்துல வீடே கூடி அழுமாம். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாத் தேறுவாங்களாம். இது பாவம், அவருக்காக ஒத்தையில அழுவுது.”

வடிவு நாயைப் பார்த்தாள். அழவேண்டியவள் தானும்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் தேற்றி வேலை செய்துவிட்டது.

“இதுக்கும் ஒண்ணு வச்சிருங்க டாக்டர். செத்துரப் போவுது.”

வைத்தார். மறுநாளே கேசரி இரண்டு தட்டு கறிச்சோறு தின்றது. தெருவே வந்து பார்த்தது. இசக்கியம்மாள் தன் பூனைக்கும் வைக்கலாமா என்று விசாரித்தாள். பூனைக்குத் தேவைப்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதில் அவளுக்குச் சிறு வருத்தம்.

நிம்மதியாக வடிவு தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, மேலே பாய்ந்து வரும் நாயைத் தாங்கக் கையை விரித்தாள்.

“கேசரி!”

நாய் தலையைத் தூக்கியது. கொரியர்காரனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. திரும்ப எலும்பைக் கடிக்க ஆரம்பித்தது.

“நல்ல சமத்தாயிருச்சுக்கா!” என்றாள், அதுவரை சோறு போட்ட இசக்கியம்மாள். “நீங்க போன நிமிஷத்துல இருந்து ஒரு தேட்டமும் இல்ல, வாசலக்கூடப் பாக்கல.”

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். வடிவு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதற்கு என்று தெரியாமலே கோயம்புத்தூரிலிருக்கும் மகனைக் கூப்பிட்டாள்.

“ஏய்யா, நான் செத்துட்டா நீ என்ன செய்வ?”

“என்னம்மா இப்படிக் கேக்கிய?” மகன் சிரித்தான். குரலில் பாசம் வழிந்தது. “எனக்கு வலியே தெரியாதும்மா. மறுநாளே வேலைக்குப் போயிருவேன். நீங்க நிம்மதியா இருங்க.”

ஒரு மகன் தாய்க்குச் சொல்லக்கூடிய மிக இனிய சொல் அதுதான். வடிவே தன் தாயிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். இன்று போனை வைத்தபோது அதே சொல் வலித்தது. காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். தேற்றி ஒன்றும் செய்யவில்லை. அதன் கணக்கில், வடிவை இன்னும் யாரும் இழந்திருக்கவில்லை.