பக்கத்துக் குட்டி

சினைப்பன்றி பஞ்சு அன்றைக்கும் தீவனத் தொட்டியை நக்கித் துடைத்துச் சாப்பிட்டது. கணவனோடு சேர்ந்து அந்தப் பன்றிப் பண்ணையை நடத்திவரும் அவளுக்கு அதுதான் சரியாகப் படவில்லை. குட்டி போடப்போகும் பன்றிக்கு ஒருநாள் முன்பே தீவனத்தில் நாட்டம் குறையும், அது வைக்கோலை வாயால் இழுத்துக் குவித்துப் படுக்கை அமைக்கும், மடி கனத்துப் பால் சுரக்கும். நூற்றுப் பதினான்கு நாள் சினைக் கணக்கு முடிந்து மூன்று நாளாகியும், தகரக் கூரையில் மழை இரைய, ஈர வைக்கோலும் பினாயிலும் கலந்து மணக்கும் கொட்டகையில், பஞ்சு எதுவுமே நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தது.

"சாப்பாட்டுல உன்னையே தோக்கடிச்சிடுவா போல," என்றான் கணவன். "ரெண்டு பேர்ல யார் முதல்ல பெத்துக்கப்போறீங்கன்னு பாக்கறேன்."

அவளுக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு கருவும் தங்கவில்லை. பஞ்சுவை அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பஞ்சுவுக்கு இது முதல் ஈற்று.

மதியம் பஞ்சு படுத்தது. கணவன் அழைத்துவந்த கால்நடை மருத்துவர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்பது. எல்லாம் கரும்பழுப்பாக வற்றி, தோல் எலும்போடு ஒட்டிக் கிடந்தன. சாக்கின்மேல் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கினார். முதலாவது ஒரு விரல் நீளம். கடைசி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"வைரஸ்மா இது. தாய்க்கு ஒரு தும்மல்கூட வராது. பன்னியோட கருப்பை ரெண்டு நீளக் குழாய் மாதிரி. குட்டிங்க உள்ள ரயில் பெட்டி மாதிரி வரிசையா இருக்கும். ஒரு குட்டிக்கு ஒட்டுனா, அது சாகறதுக்குள்ள பக்கத்துக் குட்டிக்குப் போயிடும். அப்புறம் அதுக்குப் பக்கத்துல. அதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். நீளத்தை வெச்சே எப்ப செத்துச்சுன்னு ஏறக்குறைய சொல்லிடலாம்."

"தடுப்பூசி போட்டோமே சார்," என்றான் கணவன்.

"மருந்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜுல, மேல ஐஸ் அறையில," என்றாள் அவள். "கரண்ட் போனாலும் கெடக்கூடாதுன்னு."

மருத்துவர் உறையை மெதுவாகக் கழற்றினார். "குளிர்ச்சியாத்தான் இருக்கணும்மா. உறைஞ்சா மருந்து வீணாயிடும்." பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனுஷங்களுக்கு இது ஒட்டாது. பயப்படாதீங்க."

கணவன் அவளைத் திட்டவில்லை. குழி தோண்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரோடு வெளியே போனான். திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மழை விட்டது. கூரை சொட்டும் சத்தம் மட்டும். அப்போது பஞ்சு உறுமத் தொடங்கியது.

அந்த உறுமல் அவளுக்குத் தெரியும். பால் குடிக்கக் குட்டிகளைக் கூப்பிடும் தாளம் அது. மெதுவாகத் தொடங்கும், குட்டிகள் காம்பைப் பிடித்து முட்டிய பிறகுதான் வேகமெடுக்கும்.

"யாரும் இல்லடி," என்றாள். "மன்னிச்சிடுடி. நான்தான்."

பஞ்சு சாக்கின் பக்கம் திரும்பவில்லை. அவள் வயிற்றையே பார்த்தது. உறுமல் வேகமெடுத்தது. காம்புகளில் யாரும் இல்லை.

வயிற்றில் ஓர் உதை. இடப்பக்கம்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

ஸ்கேனில் ஒரே குழந்தை. அவளே பார்த்தாள். ஒன்றுதான்.

மூன்றாவது. நான்காவது. இடமிருந்து வலமாக, வரிசையாக. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஒன்பது.

வெளியே மண்வெட்டி ஈர மண்ணில் இறங்கும் சத்தம். கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் விரல் முதல் உதை இருந்த இடத்துக்குப் போய்விட்டது.

இடக்கோடியில் இருந்த துடிப்பு நின்றது.

விரலைப் பக்கத்தில் நகர்த்தினாள். அங்கே இன்னும் துடித்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அதுவும் நின்றது.

பஞ்சு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் விரல் அடுத்ததற்கு நகர்ந்தது.