கேட்காமல் வைத்த கண்

"இந்தப் பொண்ணு யாரு?"

ஸ்டுடியோ கவுன்ட்டர் மேல் அந்தச் சின்ன போட்டோவை அறைந்து வைத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் சிரித்துக்கொண்டிருந்த யார் யார் முகத்தின் மேலோ வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்றிருந்தாள்.

படம் எடுத்த முதலாளி வெளியே போயிருந்தார். உள்ளறையிலிருந்து ஓடி வந்தவன் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிறவன். ஆறு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து ஊரார் முகத்தையெல்லாம் அலசிப் பளபளப்பாக்கி அனுப்புகிறான். முகத்துக்குச் சொந்தக்காரர்களை அவன் நேரில் பார்ப்பதே அபூர்வம். போட்டோவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் போட்டோவைப் பார்த்தான்.

"நீங்கதானே?"

"நானா? எங்க கம்பெனி கிளார்க் என்ன சொன்னார் தெரியுமா? 'அடையாள அட்டைக்கு உன் போட்டோ வேணும்மா, உன் தங்கச்சியோடதை ஏன் நீட்டுறே'ன்னார். எனக்குத் தங்கச்சியே கிடையாது!"

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அடக்கியதை அவள் பார்த்துவிட்டாள்... கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

அவளுக்கு இடது கண் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறது. ஒன்பது வயதில் கருவிழியில் புண் வந்து, ஓட்டை விழுந்து, கண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இமைக்குள் வெளுத்து ஒடுங்கிவிட்டது. பார்வை துளியும் கிடையாது. "வலி இல்லேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் டாக்டர். அது அது பாட்டுக்கு இருந்தது. அவளும் அவள் பாட்டுக்கு வளர்ந்து, ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேஜைக்கு வந்து சேர்ந்தாள். தையல் விட்டிருந்தாலோ பொத்தான் கோணியிருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவளுடைய அந்த ஒரு கண்ணை ஏமாற்றிய சட்டை கிடையாது. தைப்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பேரே 'அம்பு அக்கா'தான்.

"என் இடது கண்ணு எங்கே?"

"உங்க வலது கண்ணைத்தான் எடுத்து, திருப்பி, அங்கே வச்சேன். நல்லா வந்திருக்குன்னு நினைச்சு..."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"திருத்துறதுதாங்க என் வேலை. பரு இருந்தா எடுப்பேன், தழும்பு இருந்தா..."

"பருவும் என் கண்ணும் ஒண்ணா?"

அவள் கைப்பையைத் துழாவி, ஒரு சிவப்பு அம்பை உரித்துப் படத்தின் மேல் ஒட்டினாள்.

"வச்சதையாவது ஒழுங்கா வச்சீங்களா? வலது கண்ணுல வெளிச்சப் புள்ளி மூக்குப் பக்கம் இருக்கு. இடது கண்ணுலயும் மூக்குப் பக்கம். உங்க ஸ்டுடியோ விளக்கை என் மூக்கு மேலயா மாட்டியிருந்தீங்க?"

அவன் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. ஆறு வருஷத்தில் அவன் வேலையில் ஒருவர் கூடக் குறை கண்டதில்லை. மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முதலில் வலது கண்... பிறகு இடது கண். அந்தக் கண்ணைப் பார்க்கிறவர்கள் சூடு பட்ட மாதிரி சட்டென்று தரையைப் பார்ப்பார்கள், அது அவளுக்குப் பழகிப்போன விஷயம். இவன் தரையைப் பார்க்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"நான் அழிச்சதைப் பாக்குறேன்... தப்புத்தாங்க. உங்க அண்ணன் சொன்னார்னு செஞ்சுட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்."

"எங்க அண்ணனா?"

"பெருசா ஒரு காப்பியும் வாங்கிட்டுப் போனாரே. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கணும், ஞாயித்துக்கிழமை வர்றாங்கன்னு... உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒன்பது வயதில் ராத்திரி பகல் பார்க்காமல், மணிக்கொரு தடவை அந்தக் கண்ணில் சொட்டு மருந்து விட்டவன் அண்ணன். அதே அண்ணனா? இவன் முன்னால் மட்டும் அழக்கூடாது...

"இன்னொரு படம் எடுங்க. இப்பவே."

ஸ்டூலில் உட்கார்ந்ததும் முகம் தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டது. இத்தனை வருஷமாக எல்லா ஸ்டுடியோவிலும் அவளை அப்படித்தான் திருப்பி வைத்தார்கள்.

"நேரா பாருங்க" என்றான்.

நேராகப் பார்த்தாள்.

"கோபமா இருக்கீங்க."

"கோபமாத்தான் இருக்கேன்!"

"அப்படியே இருங்க."

விளக்கு பளிச்சிட்டு அணைந்தது. அவன் கேமராவை இறக்கினான், பார்வையை இறக்க மறந்துவிட்டான். அவளுக்குக் காது மடல் சுட்டது. சே... இருக்கிற கோபத்துக்கு நடுவில் இது வேறா!

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நாற்காலியைச் சுவரோரம் போட்டான், அவளுடைய இடது பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிற மாதிரி. ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டான். வந்த மாப்பிள்ளைக்கு பாங்கில் வேலை, மடிப்புக் கலையாத சட்டை. கையில் அந்தப் பெரிய படம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நேரே போய்ப் புதுப் படத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இதுதான் நான். அது கம்ப்யூட்டர் வேலை."

இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான் மாப்பிள்ளை. பெருமூச்சு விட்டான். தன் தாராள மனசைத் தானே மெச்சிக்கொண்டு, "பரவாயில்லை. எனக்குச் சம்மதம். கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா..." என்றான்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரவாயில்லையாமே!

"எனக்குப் பரவாயில்லைன்னு நான் இன்னும் சொல்லலையே" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

அவர்கள் போன பிறகு அண்ணன் குதித்தான். "உனக்கு என்ன இவ்வளவு திமிரு? இனிமே எவன் வருவான்?"

"வராட்டிப் போறான்! என் முகத்துல இருந்து என் கண்ணை எடுக்கச் சொல்ல உனக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு? மணிக்கொரு தடவை மருந்து விட்டவன் நீதானே?"

அண்ணன் போய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டான்.

அதோடு கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஸ்டுடியோ ரசீதில் கம்பெனி விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலமானால் அவள் பார்வை கம்பெனி கேட்டுக்கே போயிற்று. யாரைத் தேடுகிறாய் என்று மனசு கேட்டால், யாரையும் இல்லை என்று அதட்டினாள். புதன்கிழமை பஸ் ஸ்டுடியோவைத் தாண்டியபோது வாசலில் ஒரு புதுப் பலகை தொங்கியது. 'சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முகம் திருத்தப்பட மாட்டாது.' சிரிப்பு வந்தது. இறங்கிவிடலாமா... மாட்டேன். தப்புச் செய்தவன் அவன், அவன்தான் வர வேண்டும்.

வியாழக்கிழமை மறுபடி மழை. கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல்...

"வலது பக்கமா வர்றேங்க... திடுக்கிட்டுராதீங்க!"

சொன்னபடியே வலது பக்கம் வந்து நின்றான். பாதி நனைந்திருந்தான்.

"என்ன விஷயம்?" வேண்டுமென்றே குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"நேத்து உங்க அண்ணன் கடைக்கு வந்தார். அந்தப் பெரிய படத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, நீங்க நேரா பாக்குற படத்தைப் பெருசாப் போடச் சொன்னார். வீட்டுல மாட்டணுமாம்."

அண்ணனா! அவளுக்குக் கண் கலங்கியது. சுருங்கிய கண்ணும் சேர்ந்துதான் கலங்கியது.

"அப்புறம்... இதைக் கொஞ்சம் செக் பண்ணித் தரணும்."

உறைக்குள் அவனுடைய போட்டோ. எதையும் திருத்தாத போட்டோ. முன்பல் ஒன்று உடைந்திருந்தது, ஒரு காது மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தது, கன்னத்தில் பள்ளம் பள்ளமாகப் பருத்தழும்பு.

"இதை எதுக்கு எங்கிட்ட கொடுக்கிறீங்க?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். வெறுங்கையோட வரப் பயமா இருந்துச்சு."

"இரக்கமா?"

"இரக்கப்பட்டு வந்தவன் உங்ககிட்ட இருந்து முழுசாத் திரும்பிப் போவானா?"

சிரிப்பை விழுங்கினாள். கேட்டே ஆக வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது.

"என் கண்ணு..." என்று நிறுத்தினாள். அந்தப் 'பரவாயில்லை' வருமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதை அழிக்க எனக்கு மூணு நிமிஷம்கூட ஆகலைங்க. அந்தக் கண்ணோட நீங்க என்னை முறைச்ச முறைப்பை ஒரு வாரமா மறக்கப் பாக்குறேன்... முடியல."

அந்த வார்த்தை வரவில்லை.

அவள் பையைத் திறந்தாள். ஒரு சிவப்பு அம்பை உரித்தாள். போட்டோவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டு, அம்பை அவன் நனைந்த சட்டைப் பையின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

அவன் முகம் வாடிவிட்டது. "எங்கே தப்பு?"

"நாலு நாளா வரலையே, அது தப்பு இல்லையா?" என்று சீறினாள். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "திங்கட்கிழமையிலேர்ந்து இந்த கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்... இருக்கிறது ஒரு கண்ணு, அதுவும் பூத்துப்போச்சு!"