கண்மணி விரிஞ்சாச்சா?

"கண்மணி... கொஞ்சம் இங்க வாங்களேன்."

கண் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் திரும்பினார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து. யார் யாரைக் கூப்பிட்டது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் காது எல்லாருக்கும் பிரமாதமாக இருந்தது.

மருந்துப் புட்டியும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. இந்த ஆறு வருஷத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், டாக்டரம்மா என்று கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரு பெரியவர் டீ கொண்டுவரச் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்கிறார். கண்மணி என்று யாரும் கொஞ்சியதில்லை.

"யாரை சார் கண்மணிங்கிறீங்க?"

"உங்களைத்தாங்க..." மூன்றாவது நாற்காலிக்காரன் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற தண்ணீர் டிரம்மைப் பார்த்துச் சிரித்தான். "பெரிய சிஸ்டர் உள்ளேருந்து 'கண்மணி என்னாச்சு'ன்னாங்க. நீங்க 'பத்து நிமிஷம்க்கா'ன்னீங்க. அதான் உங்க பேருன்னு..."

வரிசையில் ஒரு பாட்டி களுக்கென்று சிரித்தார். சிரிப்பு கடைசி நாற்காலி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"அது உங்க கண்ணுல இருக்கிற கண்மணி. கருவிழிக்கு நடுவுல ஒரு ஓட்டை. அது விரிஞ்சாச்சான்னு அக்கா கேட்டாங்க."

"ஓட்டையா..."

"ஆமா. வெளிச்சம் அது வழியாத்தான் உள்ள போகும். வெளிச்சம் ஜாஸ்தியானா சுருங்கும், கம்மியானா விரியும். சொட்டு போட்டதால இப்ப சுருங்கத் தெரியாம பேந்தப் பேந்த முழிச்சிட்டிருக்கு."

"என்னை மாதிரியே," என்றான் அவன், தண்ணீர் டிரம்மிடம்.

கோபப்படத்தான் நினைத்தாள். வரவில்லையே, என்ன செய்வது...

நாடக மேடைக்கு விளக்கு போடுகிறவன் அவன். விளக்கையே வெறித்துப் பார்த்ததில் கண் முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறக்கின்றன என்று பயந்து வந்திருந்தான். இருட்டறையில் அவன் தாடையைக் கருவியின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் குனிந்து பார்த்தாள்.

"உள்ள என்னங்க தெரியுது?"

"விழித்திரை. நீங்க பார்க்கிறதெல்லாம் அங்கதான் போய் விழும். தலைகீழா."

"தலைகீழாவா... அப்போ உங்களை நான்..."

"மூளை நிமிர்த்தி வெச்சுக்கும். இருந்தா."

அவன் சிரித்ததில் கருவி ஆடியது. ஆடி அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். "உங்க கண்ணு ரொம்ப அழகுங்க..."

"சொட்டு போட்டவங்களுக்கு அந்தச் சுவருகூட அழகாத்தான் தெரியும். அசையாதீங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. மனசு...? மனசு மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பவர் மைனஸ் ஒன்பது. அந்தக் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் மிளகு அளவுக்குச் சுருங்கித் தெரியும். அம்மா பேசி வைத்த இரண்டு வரன்களும் "பொண்ணு எப்பவும் கண்ணாடி போடுமா?" என்று கேட்டார்கள். "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்றார்கள். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறதோ, இன்னும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

பாவம், இவனுக்கு இன்னும் கண் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தால் இவனும் ஊருக்குப் போய்விடுவான்...

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, வியாழக்கிழமை வந்து கண்ணாடிக்கு அளவு பார்த்துக்கொள்ளச் சொன்னார். வியாழக்கிழமை அவனுக்கு எல்லாமே நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம்தானே... சமாளித்துவிடலாம்.

"என்னடி வேஷம் இது?" என்றார் பெரிய சிஸ்டர்.

"கண்ணு எரியுதுக்கா."

"எரியும், எரியும்."

கதவு திறந்தது. வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. அவள் தன்னிடமிருந்த புன்னகையில் நல்லதாக ஒன்றை எடுத்து அதற்குக் கொடுத்தாள். "வாங்க சார். உட்காருங்க."

"நான் இந்தப் பக்கம் இருக்கேங்க. அது ஆணியில தொங்குற டாக்டரோட கோட்டு."

காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. எழுத்துப் பலகை இருக்க வேண்டிய திசையில் குச்சியை நீட்டினாள். "கடைசி வரியைப் படிங்க."

"க... ண்ணா... டி... எ... ங்... கே..."

"ம்ம், சரி. அதுக்கு மேல் வரி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆறு வருஷமாக மனப்பாடமான பலகை. அதில் அப்படி ஒரு வரி ஏது? அவன் குரலைக் கேட்டாளே தவிர எழுத்தைக் கேட்கவில்லை.

"கேலி பண்றீங்களா?" விருட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். அது வாசல் இல்லை, பீரோ. நெற்றியில் நன்றாகவே இடித்தது.

"ஐயோ, பார்த்துங்க..." அவன் ஓடி வந்தான். "கேலி இல்லைங்க. அன்னைக்கு எனக்குத் தெரியலை, இன்னைக்கு உங்களுக்குத் தெரியலை. ஒரு தடவையாவது ரெண்டு பேரும் ஒண்ணா பார்ப்போமே. கண்ணாடியைப் போடுங்க."

"நான் கண்ணாடி போடுவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லைட்டு போடுறவன்ங்க நான். அன்னைக்கு உங்க முகத்துல ரெண்டு வட்டமா வெளிச்சம் பளபளன்னுச்சு. அது கண்ணாடின்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் சொன்னானா... அழகு என்று?

"போட்டா என் கண்ணு மிளகாட்டம் ஆயிடும்." பையிலிருந்த கண்ணாடியைத் தடவினாள். "அதைப் பார்த்துட்டு ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க."

"எனக்கு இதே ஊருங்க. பஸ்ஸுகூட வேண்டாம், நடந்தே வந்துடுவேன்."

போட்டுக்கொண்டாள். அவன் முகம் தெளிவாக எதிரே வந்து நின்றது. புருவத்தில் விளக்குச் சுட்ட சின்னத் தழும்பு. இவ்வளவு பேசுகிறவனின் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது. பயந்துபோயிருந்தான்.

என்ன செய்வதென்று தெரியாதபோது மனுஷர்கள் தெரிந்த வேலையைத்தான் செய்வார்கள். அவள் டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்தாள். கண்மணி சுருங்கியது. டார்ச்சை அணைத்தாள், விரிந்தது. அறையில் வெளிச்சம் கம்மியாக இருப்பதால் விரிகிறது என்று சொல்லிக்கொண்டு போய் டியூப் லைட்டைப் போட்டாள். சமர்த்தாகச் சுருங்கியது. அவள் திரும்பி வந்து எதிரே நின்றதும்... மெல்ல மெல்ல மறுபடியும் விரிந்தது.

"என்னங்க, கோளாறா?"

"இல்லை..." அவள் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். "பிடிச்சதைப் பார்த்தாலும் விரியும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல இப்பதான் பார்க்கிறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல மூணு நாளா ஒத்திகை பார்த்தேன். கண்ணு முந்திக்கிச்சு."

அவள் டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை நிமிர்த்தி, அவனை நேராகப் பார்த்து நின்றாள்.

"என் கண்ணையும் பாருங்க..."

கனத்த கண்ணாடிக்குள் அந்த இரண்டு மிளகுகளை அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். டார்ச்சைப் போடவே மறந்துபோனான்.

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. பெரிய சிஸ்டரின் குரல் வழக்கம்போலக் கதவைத் தட்டியது. "கண்மணி விரிஞ்சாச்சா?"

"விரிஞ்சாச்சுக்கா..." என்றார்கள் இருவரும்.

"யாருக்குடி? இன்னைக்கு இன்னும் சொட்டே போடலையே..."