வெளியாகாத பதிப்பு

கணினி அவளைப் பெயர் சொல்லி அழைத்ததுதான் முதலில் உறுத்தியது.

சஃபீனா இன்னும் ஓர் எழுத்துகூடத் தட்டியிருக்கவில்லை. கருநீலத் திரையின் நடுவில் பொடி வெள்ளை எழுத்தில், ‘வா சஃபீனா, ஒக்காரு’ என்று வந்திருந்தது. எந்த மொழி வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. அதுவும் புத்தகத் தமிழாக இல்லாமல், திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் வீட்டுக்குள் பேசுகிற தமிழாக இருந்தது.

எம்பிராய்டரி டிசைன் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த லிங்க்கைப் போட்டிருந்தார்கள். இன்னும் வெளியாகாத ஆபரேட்டிங் சிஸ்டம், சோதனைப் பதிப்பு, பழைய கம்ப்யூட்டரும் புதுசு மாதிரி ஓடும் என்று சொன்னார்கள். அவளுடைய கம்ப்யூட்டரோ ஒரு ரோஜாப் பூ டிசைனைத் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். கீழ்த்தளத்துக் கார்கானாவின் தையல் மெஷின்கள் அவள் அனுப்பும் டிசைனுக்காகக் காத்துக் கிடக்கும். அந்த வேலை ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது.

காலையில் அவள் புருஷன் ஆஷிக் தாதர் கடைக்குக் கிளம்பும்போதே கத்திவிட்டுப் போனான். “வெளியவே வராத சாமானை எதுக்கு வீட்டுக்குள்ள ஏத்துதே? காலிபீலி, சும்மா கெடந்த வம்பு. பெரிய இன்ஜினியர்னு நெனப்பு. கெட்டுப்போச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காத, சொல்லிட்டேன்.”

அந்தக் கோபத்திலேயே அவள் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினாள்.

வெளியே ஆடி மழை தகரக் கூரையைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் உப்பி உப்பி அடங்க, பட்டப்பகலிலேயே அறைக்குள் கலங்கிய நீர் போல ஒரு வெளிச்சம் நின்றது. பக்கத்துச் சந்தின் தோல் பட்டறைகளிலிருந்து ஈரத் தோலின் வாடையும் கீழேயிருந்து மெஷின் எண்ணெயின் வாடையும் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் காலடியில் தேங்கின. திரையில் ஒரு வெள்ளைக் கோடு, நத்தை மாதிரி, இடமிருந்து வலமாக நகர்ந்தது.

‘டிசைன் எல்லாம் எடுத்தாச்சு.’

‘போட்டோ எல்லாம் எடுத்தாச்சு.’

நல்லதுதான் என்று நினைத்தாள். பழையதைப் பத்திரமாக எடுத்து வைக்கிறது. பள்ளிக்கூடம் விட நேரமிருந்தது; மகள் அஸ்ரினைக் கூட்டிவரப் போவதற்குள் முடிந்துவிடும். டீ போடலாம் என்று எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினாள்.

‘குரல் எடுத்தாச்சு.’

அவளுடைய கம்ப்யூட்டரில் மைக் கிடையாது. கேமராவும் கிடையாது.

சஃபீனா ஓரடி பின்னால் வைத்தாள். மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து, வெறுங்கால் டைல்ஸில் பதிகிற சத்தம் கேட்டது. அவளுடைய கால்தான். வலது குதிகாலை லேசாக இழுத்து வைக்கிற அதே நடை.

‘நடை எடுத்தாச்சு.’

அவள் இருமினாள். பெட்டியும் இருமியது. அவள் இருமலில் இருந்த சளி அதில் இல்லை. சுத்தமான, இளமையான இருமல்.

பாய்ந்து போய் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். கோடு நகர்ந்தது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி முனகி நின்றது. மழையைத் தவிர வேறு சத்தமே இல்லை.

திரை அணையவில்லை.

‘ஒங்கிட்ட எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு.’

அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கதவு திறந்து மழைச்சாரல் பிடரியில் அடித்தது. வெளியே இரும்பு ஏணியில் யாரோ இறங்கினார்கள். ஒவ்வொரு படியாக. நிதானமாக. வலது குதிகாலை லேசாக இழுத்து.

திரும்பியபோது ஆணியில் மாட்டியிருந்த புர்காவைக் காணவில்லை. குடையையும் காணவில்லை.

போனை எடுத்து ஆஷிக்கைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“என்னம்மா, மறுபடியும்?” அவன் குரலில் சிரிப்பு இருந்தது. அவன் அவளோடு அப்படிச் சிரித்துப் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. “இப்பத்தான பேசி வச்சே! இத்தன நாளும் இப்படிப் பேசியிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காதே. நீ அஸ்ரினைக் கூட்டிட்டு வா. நான் இன்னைக்கு வெரசா வாரேன்.”

“மச்சான், அது நான் இல்ல. மச்சான், பிள்ளைய…”

வாய் அசைந்தது. நூல் தீர்ந்த மெஷின் ஓடுவது போல ஓர் இரைச்சல் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது.

“ஹலோ? சஃபீனா? ஒண்ணுமே கேக்கலயே. காத்து மாதிரி இரையுது.” அவன் வைத்துவிட்டான். போன் அவள் விரல்களுக்கிடையே நழுவித் தரையில் விழுந்தது. இறுக்கிப் பிடித்திருந்தும் விழுந்தது.

வாசலுக்கு ஓடினாள். கீழே, தார்ப்பாய்க்கடியில், பக்கத்து வீட்டுக் கோகிலவாணி தண்ணீர் கேன்களை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சஃபீனா கையிரண்டையும் வீசினாள். கத்தினாள். கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நேராக சஃபீனாவின் முகத்தில் வந்து நின்றது.

“அடப் பாவி மவளே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். “மழைல கதவப் பப்பரப்பான்னு தொறந்து போட்டுட்டுப் போயிட்டாளே!”

ஏணியில் ஏறி வந்தாள். சஃபீனா அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த கை புகையைப் பிடித்தது போல உள்ளே போனது. கோகிலவாணி சிலிர்த்துக்கொண்டாள். “என்னா குளிரு!” என்றாள். கதவைச் சாத்தினாள். வெளியே கொண்டி போட்டாள். இறங்கிப் போனாள்.

இருட்டு.

அடுப்பில் டீ தீய்ந்த வாடை. அதுவும் மெல்ல மெல்லக் குறைந்தது. டீ அப்படியேதான் தீய்ந்துகொண்டிருந்தது. அவளுக்குத்தான் வாடை தெரியவில்லை. பிறகு மழையின் சத்தம் போனது. கீழே மெஷின்களின் அதிர்வு போனது.

மேசைக்குப் போனாள். நிறுத்த ஏதாவது ஒரு பொத்தான் இருக்கும். இருக்க வேண்டும். விரலை விசைப்பலகையில் வைத்து அழுத்தினாள். விசை இறங்கவில்லை. இன்னொன்று. இறங்கவில்லை. இரண்டு கைகளாலும் குத்தினாள். ஒரு விசைகூட அசையவில்லை.

கோடு வலது ஓரத்தை நெருங்கியிருந்தது.

‘பழசு அழியுது. பொறு.’

எவ்வளவு நேரம் மூலையில் நின்றாள் என்று தெரியாது. கதவு திறந்தது. புர்கா நனைந்த பெண் ஒருத்தி, குடையை உதறியபடி உள்ளே வந்தாள். முகத்துணியை விலக்கினாள். சஃபீனாவின் முகம். கண்ணுக்கடியில் கருவளையம் இல்லாத முகம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அஸ்ரின்.

அஸ்ரின் மூலையைப் பார்த்தாள். வீறிட்டாள்.

“உம்மா! ஆரு அது? கோன் ஹை? அங்க நிக்கிது!”

அந்தப் பெண் நிதானமாகத் திரும்பி சஃபீனாவைப் பார்த்தாள். மூலையில் தொங்கும் ஓட்டடையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். குனிந்து பிள்ளையின் ஈரத் தலையைக் கொடியில் கிடந்த துண்டால் துவட்டினாள். சஃபீனா ஒருநாளும் அவ்வளவு பொறுமையாகத் துவட்டியதில்லை.

“பயப்படாதடா தங்கம். அது பழசு. சித்த நேரத்துல போயிரும்.”

அஸ்ரினின் விசும்பல் அடங்கியது. அந்தப் பெண் அவளுடைய மழைக்கோட்டைக் கழற்றி மூலைப் பக்கமாக வீசினாள். அது சஃபீனாவின் நெஞ்சுக்குள் புகுந்து தரையில் விழுந்தது.

“போ, எடுத்துக் கொடியில போடு.”

அஸ்ரின் தயங்கித் தயங்கி வந்தாள். சஃபீனா மண்டியிட்டாள். மகளின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இமையில் மழைத்துளி. உதட்டோரத்தில் பிஸ்கட் துகள். கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பிள்ளையின் கண்கள் அவள் கண்களின் மேல் ஏறி, எங்கும் தங்காமல், பின்னாலிருந்த சுவருக்குப் போயின.

அஸ்ரின் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

“இங்க ஆரும் இல்லயே, உம்மா,” என்றாள் சிரித்துக்கொண்டே.